நகத்தில் நின்ற சிவப்பு

என் வயதுக்காரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பக்கவாதம் கண்டவள், கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டை ஒடித்துக்கொண்டவள், முழங்கால் மடங்காதவள் என்று நம்மில் பாதிப் பேர் இப்போது ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சி அறைக்குப் போய்வருகிறோம். கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுத்த மாதிரி நாமும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். போன வாரம் அங்கே வேலை பார்க்கும் பெண் என் வலது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கடைசி ரெண்டு வெரலும் எப்பருந்து மடங்கியிருக்கு ஆத்தா?" என்று கேட்டாள். ஒன்பது வயதிலிருந்து என்றேன். "யாரு இப்படிக் கெடுத்தது?" என்றாள்.

அறுபது வருஷமாக எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். குரங்கணி ஏற்றத்திலிருந்த கட்டுக்காரன் கெடுத்தான் என்பது அந்தப் பதில். அது பொய். பொய் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். கிட்டங்கியில் ஏலக்காய்ச் சாக்குகளை உத்தரம் வரைக்கும் அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த அடுக்கில் ஏறி உச்சிச் சாக்கில் குப்புறப் படுத்து மூச்சை இழுப்பது எனக்கு ஒரு விளையாட்டு. தொண்டை வரைக்கும் குளிர்ந்துவிடும். ஐப்பசி பிறந்த கையோடு ஒருநாள் அப்படி ஏறியபோது சாக்கு சரிந்தது. விழுந்த வேகத்தில் வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முழங்கைக்கு மேலே எலும்பு ஒடிந்த சத்தத்தை என் காதால் கேட்டேன்.

அன்றைக்கு எலும்பு ஒடிந்தால் போடியில் எல்லோரும் போகிற இடம் ஒன்றே ஒன்று. குரங்கணி ஏற்றத்தில் ஓடைக்கரை ஓரமாக ஒரு நீளக் கூரைக் கொட்டகை. அதில் எலும்பு கட்டுகிறவர் இருந்தார். கட்டுக்காரர் என்போம். ஒல்லியான மனுஷர். காது இரண்டிலும் முடி. உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் காவி மண்ணோடு குழைத்து என் கையில் விரல் நுனி வரைக்கும் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். தோளுக்குக் கீழிருந்து உள்ளங்கை வரைக்கும் கட்டு. வெளியே தெரிந்தது ஐந்து விரல் நுனிகள்தாம். அவையும் நகம் தவிரக் காவி நிறம்.

கட்டி முடித்ததும் அப்பாவிடம் சொன்னார். "கேட்டுக்கங்க அப்பு. வீக்கம் ஏறுனா கட்டு இறுகும். ஆத்துல தண்ணி வர்ற மாதிரி இருக்கு. வந்துருச்சுன்னா நான் எறங்க முடியாது. தெனம் ரெண்டு தரம் நகத்த அமுக்கிப் பாருங்க. வெளுத்துட்டுத் திரும்பச் செவக்கணும். செவக்குற வரைக்கும் பயமில்ல. நீலம் பாரிச்சா யோசிக்காம கட்ட அறுத்து விட்டுருங்க. எலும்பு கோணிப்போனா நான் நிமித்திருவேன். ரத்தம் நின்னுபோச்சுன்னா என்னால ஆகாது."

அப்பா தலையாட்டினார். அதில் சிவப்பு என்ற ஒரு சொல்லைத்தான் அவர் மடியில் முடிந்துகொண்டார் என்று இப்போது நினைக்கிறேன். அம்மா கொட்டகைக்கு வெளியே பலாமரத்தடியில் கைக்குழந்தையோடு நின்றாள். ஆம்பளைகள் பேசுகிற இடத்தில் அவளுக்கு என்ன சோலி? அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. நடுவில் பாயில் படுத்திருந்த நான் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

வீடு வந்து சேர்ந்த அன்றைக்கே கொட்டகுடி ஆற்றில் வெள்ளம் வந்தது. மறுநாள் விடிந்தால் தீபாவளி. எங்கள் வீட்டில் அந்த வருஷம் தீபாவளி கிடையாது. சித்திரையில் மலைக்காய்ச்சல் கண்டு சித்தப்பா இறந்திருந்தார். அப்பாவுக்குத் தம்பி என்றால் உயிர். ஒரு வருஷத்துக்கு வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது, பூ கூடாது, மருதாணி கூடாது என்று உத்தரவு. ஆவணியில் அம்மா மறந்துபோய் மல்லிகை வைத்துக்கொண்டதற்கு அப்பா அவளைச் சுவரோடு சேர்த்துத் தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனுஷர்தாம். ஆனால் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும்.

தெருப் பிள்ளைகள் எல்லாம் சிவந்த கையோடு வாசலில் வந்து நின்று காட்டிவிட்டுப் போனார்கள். நான் அழுதேன். ஒடிந்த கைக்குக்கூட அப்படி அழவில்லை. அம்மா முதலில் அதட்டினாள். பிறகு, அப்பா கிட்டங்கிக்குப் போன நேரம் பார்த்து, கொல்லையிலிருந்து ஒரு கைப்பிடி மருதாணி பறித்து அரைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தக் கையில வேணாம். ஒங்கய்யா பாத்துருவாரு," என்று என் இடது கையைத் தள்ளினாள். "கட்டுப் போட்ட கையில வைக்கிறேன். ஏற்கெனவே காவியாத்தான் இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

ஐந்து நகத்தையும் மூடி ஐந்து பொட்டு. அம்மாவின் சாமர்த்தியத்தை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் வீக்கம் ஏறியது. கட்டுக்குள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, பிறகு தணலை வைத்தது போல எரிந்தது. நான் கத்தினேன். சாயங்காலம் அப்பா விளக்கை எடுத்துக்கொண்டு வந்து என் கட்டைவிரல் நகத்தை அமுக்கினார். சாக்குத் தைத்துக் காய்த்துப்போன விரல் அவருடையது. விட்டுப் பார்த்தார். நகம் சிவப்பாக இருந்தது.

"நல்லாச் செவந்துதான் இருக்கு. எதுக்கு இந்தக் கத்துக் கத்துற?" என்றார்.

எனக்குத் தெரியும். அந்தச் சிவப்பு ரத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அப்பாவுக்குப் பின்னால் அம்மா நின்றாள். கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். அவளுக்கு நகத்தின் கணக்குத் தெரியாது, மருதாணியைச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் மட்டும்தான். அப்பாவுக்கு மருதாணி தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்தி. சொன்னால் அம்மாவுக்கு அடி விழும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் வலி நின்றுவிட்டது. விரல்கள் என்னுடையவை இல்லாத மாதிரி கிடந்தன. கை தேறிவிட்டது என்று அம்மா கருப்பட்டி கொடுத்தாள். தின்றேன். பயத்தில் இனிப்புக்கூடத் தெரியவில்லை.

ஏழாம் நாள் ஆறு வடிந்ததும் மலைக்குத் தூக்கிப் போனார்கள். கட்டுக்காரர் துணியை அறுத்தபோது கொட்டகைக்குள் வாடை பரவியது. கொப்புளமும் தோல் உரிசலுமாக இருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டு கோழிக்கால் மாதிரி நின்றன. அவர் என் கையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நகத்தைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"என் கட்டு இறுகிருச்சு அப்பு," என்று அவர் குரல் கேட்டது. "தப்பு என்னது."

அப்பா அவர் கழுத்துத் துண்டைப் பிடித்துவிட்டார். கூட வந்தவர்கள்தாம் விலக்கினார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும்: கட்டினவன் கையாலேயே நிமிர வேண்டும். கெடுத்தவனை விட்டுவிட்டு வேறு ஆளிடம் போனால் கை விளங்காது என்பார்கள். தைப்பொங்கல் கழித்து மூன்றாம் நாள் நான் சபையில் உட்கார்ந்து சோற்றுக் கையால் ஒரு கவளமாவது எடுத்து உண்ண வேண்டும், இல்லாவிட்டால் அவர் இனி இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் கட்டுப் போடக் கூடாது என்று தீர்ப்பு. என்னைக் கொட்டகையில் விட்டுவிட்டு வண்டி இறங்கிப் போயிற்று. இடது கையால் சோறு தின்னும் பெண்ணை எவன் கட்டுவான் என்று அம்மா அழுத அழுகை வளைவு திரும்பும் வரைக்கும் கேட்டது.

கட்டுக்காரரின் சம்சாரம் பேசாத மனுஷி. எனக்குத் தலை சீவி, சோறு ஊட்டி, பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வாள். கொட்டகையில் இன்னும் ஒரே ஒரு நோயாளி இருந்தார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொதிக்கழுதை ஓட்டி வந்து பள்ளத்தில் உருண்டு இடுப்பு ஒடிந்தவர். அவருக்காக முற்றத்துச் சரிவில் இரண்டு மூங்கில்களை இடுப்பு உயரத்தில் நீளவாட்டில் கட்டியிருந்தார்கள். இரண்டையும் பிடித்துக்கொண்டு அவர் காலையில் ஏறுவார், சாயங்காலம் இறங்குவார். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு அலறல். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் இரும்புக் குழாயில் அதே சாமானைப் பார்த்தபோது எனக்கு அந்த அலறல்தான் காதில் கேட்டது.

எனக்கு வைத்திருந்தது வேறு. சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு மர உருளைகள் தொங்கின. முதலாவது நாணல் பருமன். கடைசி, குழவிக் கல் பருமன். காலையில் நொச்சியும் ஆமணக்கு இலையும் போட்டுக் கொதித்த ஆவியில் கையைக் காட்ட வேண்டும். பிறகு வறுத்த மணலில் புதைக்க வேண்டும். பிறகு எண்ணெய் போட்டு ஒவ்வொரு விரலாக நீவி, மடங்கிய பிடிக்குள் உருளையைச் சொருகிக் கட்டுவார். ஒரு வாரம் போனால் அடுத்த உருளை. உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி இருக்கும். அவர் நீவும்போது நான் மேலே பார்ப்பேன். மலைக்கு மேலே கம்பியில் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டு இறங்கும். அவற்றை எண்ணுவேன். பதினெட்டுப் பெட்டி இறங்கினால் ஒரு கை வேலை முடிந்துவிடும். ஒரு பெட்டி நடுவில் நின்றுபோனால் உயிரே போய்விடும்.

"பேடிக்கண்டா மோளே," என்பார் பொதிக்காரர், தன் மூங்கிலைப் பிடித்துக்கொண்டே. பயப்படாதே என்று அர்த்தம். சொல்லிவிட்டு அவரே அடுத்த எட்டில் அலறுவார்.

ஆனால் உருளையைவிட எனக்குப் பெரிய பயம் நகம்தான். நகம் வளர்ந்தது. அடியில் வெள்ளையாகப் பிறந்து, மருதாணிச் சிவப்பை மெள்ள மேலே தள்ளிக்கொண்டு போயிற்று. கார்த்திகையில் பாதி நகம் சிவப்பு. மார்கழியில் நுனியில் ஒரு பிறை. அடியில் வெளுப்பும் நுனியில் சிவப்புமாக ரத்தம் எங்கேயாவது நிற்குமா? பார்க்கிற எவனுக்கும் விளங்கிவிடும். அடுப்புக் கரியை எடுத்துப் பூசினேன். சம்சாரம் கழுவிவிட்டாள். பல்லால் கடித்து எடுக்கப் பார்த்தேன். கட்டுக்காரர் கையைத் தட்டிவிட்டார்.

"நகத்தக் கடிக்காத. வளரட்டும்."

அந்த ஒரு சொல் என்னைக் கொன்றது. ஏன் வளரட்டும் என்கிறார்? சபைக்குக் கொண்டுபோய் அத்தனை பேர் நடுவில் என் கையைத் தூக்கி, "பாருங்கய்யா, இது மருதாணி" என்று காட்டத்தான் வளர்க்கிறார் என்று முடிவு கட்டினேன். பிறகு அப்பா அம்மாவை என்ன செய்வார் என்று நினைத்தால் சோறு இறங்காது. ஒருநாள் தாங்க முடியாமல், "அய்யா, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"வாய்ச் சோலி பெறகு. கைச் சோலி மொதல்ல," என்று ஒரு சுளகு ஏலக்காயை என் முன்னால் வைத்தார்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூடினால்தான் ஏலக்காய்க் காம்பைக் கிள்ள முடியும். அப்பாவின் கிட்டங்கியில் பெண்கள் நாளெல்லாம் செய்கிற வேலை அது. முதல் நாள் நான் ஒரு காம்பு கிள்ளினேன். பத்து நாளில் ஒரு கை. மார்கழிக் கடைசியில் கால் படி. ஒவ்வொரு காம்பையும் தனியாக எடுத்துப் பார்ப்பார். நசுங்கியிருந்தால் விரலில் வலு வருகிறது என்று அர்த்தமாம். பிய்ந்திருந்தால் இன்னும் நடுங்குகிறது என்று அர்த்தம். அவரைத் தேடி அந்த மூன்று மாதத்தில் புதிதாக ஒரு ஆள்கூட மலையேறி வரவில்லை. போடிப் பிள்ளையின் கையைக் கெடுத்தவன் என்ற பேச்சு ராசிங்காபுரம் வரைக்கும் போயிருந்தது. ஒடிந்த ஆட்டைக்கூட எவனும் கொண்டுவரவில்லை.

அம்மா வாரம் ஒரு தரம் சுமை வண்டியில் வருவாள். என் விரல்களைத் தொட்டுப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவாள். "பச்சப்பிள்ளை கைய முடமாக்கிட்டியே, ஒன் கை வெளங்குமா? ஒன் கொட்டகையில பூனை குட்டி போட!" அவர் பாட்டுக்கு மணல் வறுத்துக்கொண்டிருப்பார். சம்சாரம் அம்மாவுக்குச் சுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அம்மா அதைத் தொடமாட்டாள். எனக்கோ, அம்மா இப்படி ஏசினால் ஆத்திரத்தில் சொல்லிவிடுவாரே என்று பயம். அம்மாவின் வாயைப் பார்ப்பேன், அவர் வாயைப் பார்ப்பேன்.

சபைக்கு முந்தின நாள் காலையில் அவர் நகம் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"வெரசாக் கொண்டா."

நீட்டினேன். ஐந்து நகத்தின் நுனியிலும் மயிரிழை கனத்துக்கு ஒரு சிவப்பு மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றாக வெட்டினார். ஐந்து துண்டையும் உள்ளங்கையில் சேர்த்து, சபையில் காட்டப் பொட்டலம் கட்டப்போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மணல் வறுக்கிற அடுப்பில் போட்டார். முடி கருகுகிற வாடை ஒரு நொடி வந்து அடங்கியது. என் நகம் முழுக்க வெறும் வெளிர் ரோஜா நிறம். அமுக்கிப் பார்த்தார். வெளுத்தது. திரும்பச் சிவந்தது. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

"இனிமே இது நெச ரத்தம்," என்றார்.

நான் ஓவென்று அழுதேன். "நான்தான் கேட்டேன். நான்தான் வைக்கச் சொன்னேன். ஆத்தா மேல தப்பில்ல."

"தெரியும்த்தா. கட்ட அறுத்த அன்னைக்கே தெரியும். பாதியில கடிச்சு வச்சிருந்தன்னா நுனியில வெட்ட முடியாது, சதை கிழிஞ்சிருக்கும். அதான் வளரட்டும்னேன்."

"ஏன் சொல்லல?"

அவர் கத்தியைத் துடைத்து இடுப்பில் சொருகினார். "சொல்லிருந்தா ஒங்கய்யா அன்னைக்கே ஒங்காத்தா கைய ஒடிச்சிருப்பாரு. அதையும் நான்தான கட்டணும்?"

மறுநாள் சபையில் இலை போட்டார்கள். சோற்றை மூன்று விரலால் கூட்டினேன். பாதி இலையிலேயே உதிர்ந்தது. மிச்சம் வாய்க்கு வந்து சேர்ந்தது. கடைசி இரண்டு விரலும் மடங்கியேதான் இருந்தன. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சரி, தொழிலைச் செய்துகொள்ளட்டும் என்றார்கள். கட்டுக்காரர் கூட்டத்துக்கு ஓரமாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் எழுந்து சொல்லியிருக்கலாம். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சொல்லவில்லை. நீங்களாவது சொல்லியிருப்பீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தீர்ப்புக் கொடுத்து என்ன? ஆள் வரவில்லை. சித்திரையில் அவரும் சம்சாரமும் பொதிக்காரரோடு மலை ஏறி அந்தப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். பொதிக்காரர் கோல் ஊன்றாமல் நடந்து போனாராம். பிறகு ஒருதரம் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். கொட்டகைக் கூரை இறங்கிக் கிடந்தது. சுவரில் பன்னிரண்டு ஆணிகள் இருந்தன. உருளை ஒன்றுகூட இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். அப்பா போனார். அம்மா எண்பது வயது வரைக்கும் இருந்தாள். கடைசி வரைக்கும் சாயங்காலமானால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த இரண்டு விரலுக்கும் எண்ணெய் தடவி நீவிக்கொண்டே இருப்பாள். நீவ நீவ அந்த மனுஷரை ஏசுவாள். "பாவி, பாவி, எந்த மலையில கெடந்து அழுகினானோ" என்பாள். ஒடியாமல் தப்பிய அவளுடைய இரண்டு நல்ல கைகளுக்கு நடுவில் என் கை கிடக்கும். அவள் வாயைப் பொத்த என் இன்னொரு கை ஒருநாளும் எழவில்லை.